உறைநிலத்தின் சொற்கள்: ஆர்க்டிக் மண்ணின் நுண்ணங்கிகள் பற்றிய எழுத்துக்கள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

தமிழில் விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் என்பவற்றோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றோம். விஞ்ஞான எழுத்து விமர்சகரின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் எம்மிடையே வலுவாக உண்டு. விஞ்ஞானி உண்மையைச் சொல்கின்றார், எழுத்தாளர் உருவகத்தைக் கையாளுகின்றார் என்னும் எளிய பிரிவினையே இவ்வெண்ணத்தின் அடிப்படை. ஆனால் விஞ்ஞானியும் மொழியிலேதான் எழுதுகின்றார். அம்மொழி அவர் வாழும் சமுதாயத்திலிருந்தே அவருக்குக் கிடைக்கின்றது. ஆய்வுகூடத்தில் பிறக்கும் ஒரு சொல் பத்திரிகைக்கும் பாடநூலுக்கும் பாராளுமன்றத்துக்கும் செல்லும்போது என்ன பொருளைப் பெறுகின்றது, எதனை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என ஆராய்வது விமர்சகரின் பணிகளுள் ஒன்று என்றே நாம் கருதுகின்றோம். ஆர்க்டிக் மண்ணில் வாழும் நுண்ணங்கிகள் பற்றியும் அவற்றின் நொதியத் தொழிற்பாடு பற்றியும் எழுதப்பட்டவற்றில் அடிக்கடி வரும் சில சொற்களை இக்கட்டுரையில் அவ்வாறு நோக்க முயல்வோம். நித்தியம், உறக்கம், களஞ்சியம், குண்டு, தாழ்ப்பாள் என்பன அச்சொற்கள். அவை ஒரே தரத்தன அல்ல என்பதே எமது வாதம்.

முதலில் பொருளை அறிந்துகொள்ளுதல் அவசியம். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா ஆகிய பகுதிகளின் பெரும்பாகத்தில் கோடையில் நிலத்தின் மேற்படை மாத்திரமே உருகுகின்றது. அதன் கீழ் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கின்றது. வடக்கின் இவ்வுறைநிலங்களில் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன் தங்கியுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இது வளிமண்டலத்திலுள்ள காபனைப்போல் ஏறக்குறைய இருமடங்காகும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மடிந்த பாசியும் புல்லும் வேரும் விலங்குடலும் முற்றாக உக்காமற் போனமையே இத்திரட்சிக்குக் காரணம். உக்குதல் என்பது நுண்ணங்கிகளின் வேலை. செலுலோசு, இலிக்னின், புரதம் முதலிய பெரும் மூலக்கூறுகளைப் பற்றீரியாவோ பங்கசோ நேரே உள்ளெடுக்க மாட்டா. அவை தமது கலங்களுக்கு வெளியே நொதியங்களைச் சுரந்து, அப்பொருள்களைச் சிறு துண்டுகளாக உடைத்த பின்னரே உணவாகக் கொள்கின்றன. சுரந்த கலம் இறந்தொழிந்த பின்னரும் நொதியம் மண்துகளில் ஒட்டிநின்று சில காலம் தொழிற்படுவதுண்டு. எனவே மண்ணின் உயிர்ப்பு என்று நாம் கூறுவது உயிருள்ள கலங்களுக்குள் மாத்திரம் அடங்கியதன்று. கலங்களுக்கு வெளியே, மண்ணிலேயே, ஒரு பொதுச் செயற்பாடாக அது பரந்து கிடக்கின்றது.

குளிர் இச்செயற்பாட்டை முற்றாக நிறுத்துவதில்லை என்பது இங்கு முக்கியமானது. மண் உறைந்துவிட்டது என்று நாம் சொல்லும்போதும் துகள்களைச் சுற்றி உப்புச் செறிந்த மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் எஞ்சுகின்றது. அப்படலத்தினுள் வாழ்க்கை நடக்கின்றது. கனடாவின் உயர் ஆர்க்டிக் உறைநிலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிளானோகொக்கசு ஹலோகிரையோபிலசு என்னும் பற்றீரியா, பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை செல்சியசிலும் பெருகுகின்றது என்றும், கீழ் 25 பாகையிலும் அதன் அனுசேபம் நின்றுவிடவில்லை என்றும் 2013 இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிருக்கு இசைவாக்கம் பெற்ற இவ்வகை உயிர்களின் நொதியங்கள் கட்டமைப்பில் நெகிழ்வானவை. வெப்பம் குறைந்த நிலையிலும் வடிவம் மாறித் தாக்கத்தை நிகழ்த்த அந்நெகிழ்வு உதவுகின்றது; அதே நெகிழ்வினாலேயே சற்று மிகுந்த வெப்பத்தில் அவை குலைந்தும் போகின்றன.

இனிச் சொற்களுக்கு வருவோம். இந்நிலத்துக்கு ரஷ்ய மொழியில் நிலைபெற்ற பெயர் 'நித்திய உறைவு' எனப் பொருள்படுவது. சோவியத் எல்லைக்குட்பட்ட உறைநிலம் பற்றி மிகையீல் சும்கின் 1927 இல் வெளியிட்ட நூல் அப்பெயரைத் துறையின் பெயராகவே ஆக்கியது. 1943 இல் அமெரிக்க இராணுவப் பொறியியல் தேவைக்காக அறிக்கை எழுதிய சீமன் முல்லர், 'நிரந்தரம்', 'உறைபனி' என்னும் இரண்டையும் ஒட்டி இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். பகைமை பூண்ட இரு சமுதாய அமைப்புகளும் இவ்விடயத்தில் ஒரே நினைப்பையே கொண்டிருந்தன: நிலம் நிலையானது; அதன்மேல் புகையிரதப் பாதையும் விமானத் தளமும் கட்டலாம். விஞ்ஞான வரைவிலக்கணமோ மிக அடக்கமானது. தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் பூச்சியம் பாகையிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் எதுவும் இப்பெயருக்கு உரித்துடையது. இரண்டு ஆண்டுகள் எங்கே, நித்தியம் எங்கே! பெயருக்கும் வரைவிலக்கணத்துக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியை அலட்சியம் செய்யலாகாது. 'நித்தியம்' என்பது அளந்தறிந்த பண்பு அன்று, விருப்பம். சும்கின் உறைநிலத்தைக் குடைந்து அதனுள் ஒரு நிலத்தடி அருங்காட்சியகம் அமைத்து, விலங்குடல்களையும் ஏடுகளையும் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பேணலாம் என்று கனவு கண்டவர். கனவு அழகியதுதான். ஆயினும் மண்ணை இயக்கமற்ற பெட்டகமாகக் காணும் பார்வை அதில் வெளிப்படையாக உள்ளது. இயங்கியல் பேசிய நாடொன்றில் இயக்கமற்ற இயற்கை பற்றிய சொல் இத்துணை எளிதாக வேரூன்றியமை சிந்திக்கத்தக்கது.

அச்சொல்லுக்கு எதிரான முதற் சான்றுகளுள் ஒன்று சோவியத் நாட்டுக்குள்ளிருந்தே வந்தது. அமூர்ப் பிரதேசத்தின் ஸ்கொவரோதினோவில் உறைநிலப் பரிசோதனை நிலையம் ஒன்று இருந்தது. அவ்விடம் ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு தெற்கே உள்ளதெனினும் நிலத்தின் தன்மை அதுவே. அங்கு பணியாற்றிய பாவெல் கப்தெரெவ், உறைநிலத்து மண்ணை உருக்கி வளர்த்தபோது பாசிகளும் வேறு சிற்றுயிர்களும் மீண்டும் இயங்கத் தொடங்கியதைக் கண்டு 1936 இல் எழுதினார். அங்கு சில மாதங்கள் அவருடன் உறைநிலத்தை ஆராய்ந்த மற்றொருவர் கணித அறிஞரும் மதகுருவும் பொறியியலாளருமான பாவெல் புளொரென்ஸ்கி. இவ்விருவரும் 1933 இல் கைதுசெய்யப்பட்டவர்கள். கைதிகளாகவே அங்கு ஆய்வு செய்தார்கள். புளொரென்ஸ்கி பின்னர் சொலொவெற்ஸ்கித் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1937 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1940 இல் கப்தெரெவும் பைக்கொவும் இணைந்து வெளியிட்ட, உறைநிலமும் அதன்மேற் கட்டடம் எழுப்புதலும் பற்றிய நூலில் அவருடைய உழைப்பும் சேர்ந்துள்ளது. உழைப்பை மறைக்கும் சொற்களைப் பற்றிப் பேசும் எமக்கு இவ்வரலாற்றைக் கூறாது கடந்து செல்லும் உரிமை இல்லை. உறைநிலத்தின் உயிரியல் பற்றிய ஆரம்ப அறிவின் ஒரு பகுதி கைதிகளின் உழைப்பினால் உருவானது. சோவியத் விஞ்ஞானத்தின் சாதனைகளைப் போற்றி எழுதிய எமது மரபு இதனைச் சொல்லியது அரிது.

அடுத்த சொல் 'உறக்கம்'. உறைநிலத்து நுண்ணங்கிகள் உறங்குகின்றன, வெப்பம் அவற்றைத் துயிலெழுப்புகின்றது என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2014 இல் பிரெஞ்சு ஆய்வாளர் சிலர் சைபீரியாவில் 30,000 ஆண்டுப் பழமையான உறைநிலத்திலிருந்து ஒரு பெருவைரசை மீட்டெடுத்து, அமீபாவில் அது இன்னும் தொற்றவல்லது எனக் காட்டினர். அதன் பின்னர் இவ்வுருவகம் இன்னும் ஒருபடி சென்று, பிணங்கள் எழுந்து நடமாடும் திகிற் படங்களின் மொழியைக் கடன் வாங்கிக்கொண்டது. ஆனால் 2007 இல் வெளியான ஓர் ஆய்வு உறக்கம் என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கியிருந்தது. ஐந்து இலட்சம் ஆண்டுகள் வரை பழமையான உறைமண்ணை ஆராய்ந்த அவ்வாய்வாளர்கள், மிகப் பழைய படைகளில் நிலைத்திருந்தவை வித்திகளாக மாறி ஒடுங்கிக் கிடந்த வகைகள் அல்ல என்று கண்டனர். மிக மெதுவாகவேனும் சுவாசித்து, சிதையும் தமது டி.என்.ஏ.யைத் தொடர்ந்து பழுதுபார்த்து வந்த வகைகளே நெடுங்காலம் நிலைத்தன. உறங்கியவை காலப்போக்கில் அழிந்தன, உழைத்தவை எஞ்சின. இதனை உறக்கம் என்று அழைப்பது, இரவுமுறைத் தொழிலாளியைப் பகலில் வீட்டில் கண்டு சோம்பேறி என்று தீர்மானிப்பதற்கு ஒப்பானது.

உறக்கம் என்னும் சொல் ஓரளவு பொருந்தும் இடமும் உண்டு. அவ்விடத்திலேதான் அது மிகப் பெரிய தீங்கையும் செய்தது. மேற்குச் சைபீரியாவின் யமால் குடாநாட்டில் 2016 கோடையில் வெப்பநிலை 35 பாகை வரை ஏறியது. அந்திராக்சு நோய் பரவியது. 2,000க்கு மேற்பட்ட துருவ மான்கள் மடிந்தன. பலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். மான் மேய்க்கும் நெனெற்ஸ் மக்களைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அங்கு 1941க்குப் பின் இந்நோய் கண்டதில்லை. அந்திராக்சு பற்றீரியா வித்தியாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் ஒடுங்கியிருக்க வல்லது என்பது உண்மையே. உறைநிலத்தினின்று உறங்கிய கிருமி விழித்தது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அத்தலைப்புக்களில் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. யமாலில் துருவ மான்களுக்கு நெடுங்காலமாக இடப்பட்டு வந்த அந்திராக்சுத் தடுப்பூசி, நோய் இல்லை என்ற காரணம் காட்டி 2007 இல் நிறுத்தப்பட்டிருந்தது. உருகிய மண் ஒரு காரணி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 'கிருமி விழித்தது' என்ற வாக்கியத்தில் எழுவாய் கிருமி. 'தடுப்பூசி நிறுத்தப்பட்டது' என்ற வாக்கியத்திலோ எழுவாயாக வரவேண்டியவர் மனிதர். செயப்பாட்டு வினையில் அவரும் மறைந்துவிடுகின்றார். இலக்கணம் அரசியலற்றது என்போர் இவ்விரு வாக்கியங்களையும் அருகருகே வைத்து நோக்குவாராக.

'களஞ்சியம்', 'வைப்பு', 'காபன் பாதீடு' என்பன போன்ற கணக்குப் புத்தகச் சொற்களை நாம் இங்கு விரிவாக ஆராயவில்லை. மண்ணைச் சேமிப்புக் கணக்காகக் காணும் நோக்கு எச்சமுதாயத்துக்குரியது என்பது வெளிப்படை. ஒவ்வோர் உருவகத்தின் பின்னாலும் ஒரு முதலாளியைத் தேடிப் பிடிப்பது விமர்சனமாகாது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். அத்தகைய எழுத்து எம்மவரிடையே போதிய அளவு உண்டு. 'குண்டு' என்பது சற்று வேறுவகை. 'காபன் குண்டு' என்னும் தொடர் அச்சத்தை ஊட்டிச் செயலுக்குத் தூண்டும் நல்லெண்ணத்தில் வழங்கப்பட்டது. ஆனால் குண்டு ஒரு கணத்தில் வெடித்து முடிவது. ஆய்வாளர் பலர் சேர்ந்து 2015 இல் நேச்சர் இதழில் எழுதிய தொகுப்புக் கட்டுரையின் முடிவோ, உறைநிலத்தின் காபன் பெரும்பாலும் படிப்படியாகவும் நீண்ட காலத்துக்கும் வெளியேறும் என்பதாகும். படிப்படியானது என்பதால் ஆபத்துக் குறைந்தது என்று கொள்ளலாகாது. வெடிக்காத குண்டைக் கண்டவர் அபாயம் நீங்கிற்று என்று வீடு திரும்புவார். மெதுவாக நடைபெறும் அனுசேபத்துக்கோ அவ்வாறு ஒரு முடிவு நாள் இல்லை. மேலும், குண்டு மண்ணுக்குள் இருப்பதாகச் சொல்லும்போது குற்றமும் மண்ணுக்கே போய்விடுகின்றது. ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளதென 2022 இல் வெளியான ஆய்வு கணித்தது. அவ்வெப்பத்தை நுண்ணங்கிகள் தொடக்கிவைக்கவில்லை. மான் மந்தைகள் மடிந்த அதே யமாலில் 2012 முதல் பெருமளவில் இயற்கை வாயு அகழப்பட்டு வருகின்றது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளலாம்.

மார்க்ஸ் 'மூலதன'த்தில் மண்ணைப் பற்றிப் பேசுகையில், இரசாயன அறிஞர் லீபிக்கின் எழுத்துக்களைக் கற்று, மனிதருக்கும் நிலத்துக்கும் இடையிலான அனுசேபம் முதலாளித்துவ விவசாயத்தால் குலைக்கப்படுவதை எடுத்துக்காட்டினார். அனுசேபம் என்பதும் ஒருவகையில் கடன் வாங்கிய சொல்தான். ஆனால் அது ஓர் உறவைக் குறிக்கின்றது, பொருளொன்றை அன்று. ஆர்க்டிக் மண்ணைப் பற்றிய எழுத்தில் நாம் தேடுவதும் அத்தகைய சொல்லையே.

அதற்கு நெருங்கி வந்த சொல் ஒன்று உண்டு. வேல்சின் பாங்கர் நகரைச் சேர்ந்த பிரீமனும் அவருடன் பணியாற்றியோரும் 2001 இல் நேச்சர் இதழில் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையில் 'நொதியத் தாழ்ப்பாள்' என்னும் கருத்தை முன்வைத்தனர். அவர்கள் ஆராய்ந்தது முற்றா நிலக்கரிச் சதுப்பு நிலம். ஆர்க்டிக்கின் ஈரநிலங்களுக்கும் அக்கருத்து விரைவில் எடுத்தாளப்பட்டது. கருத்து இதுதான்: நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் இல்லை, ஒட்சிசன் இன்றிப் பீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் தொழிற்பட முடியாது, எனவே பீனோற் சேர்வைகள் திரள்கின்றன, திரண்ட அவை செலுலோசு முதலியவற்றை உடைக்கும் ஏனைய நொதியங்களைத் தடுக்கின்றன. ஆகவே ஒரு நொதியம் முடங்குவதால் முழு உக்குதலும் முடங்குகின்றது. நீர் வற்றி வளி உட்புகுமாயின் தாழ்ப்பாள் திறந்துகொள்ளும்.

இதுவும் உருவகமே. ஆனால் இது 'உறக்கம்' போன்றதன்று. தாழ்ப்பாள் எங்கே உள்ளது, எது அதைத் திறக்கும், திறந்தால் எது முதலில் மாறும் என்பனவற்றை இவ்வுருவகம் சொல்லியாக வேண்டியுள்ளது. சொல்வதனால் பிழைபடவும் கூடியதாகின்றது. பிழைபட்டும் உள்ளது. 2017 இல் சீன ஆய்வாளர், நீர்மட்டம் தாழும்போது இரும்பு ஒட்சியேற்றமடைந்து சேதனப் பொருளைப் பற்றிக்கொள்வதால் காபன் இழப்புத் தடைபடலாம் எனக் காட்டி, தாழ்ப்பாளுக்கு எதிரே 'இரும்புக் கதவு' ஒன்றை நிறுத்தினர். வட சுவீடனின் அபிஸ்கோவுக்கு அருகேயுள்ள ஸ்ரொர்டாலன் சதுப்பு நிலத்து நுண்ணங்கிகளை ஆராய்ந்தோர் ஒட்சிசன் இல்லாமலே பொலிபீனோல்களை மாற்றவல்ல வழிகள் அவற்றின் பரம்பரை அலகுகளில் இருப்பதை 2024 இல் வெளியிட்டனர். அவ்வாறாயின் தாழ்ப்பாள் முன்பு கருதியது போல் இறுக்கமானதன்று. இவ்வாறு தாக்குண்டு, திருத்தம் பெற்று, ஒருவேளை நாளை கைவிடப்படக்கூடிய உருவகமே விஞ்ஞான எழுத்தில் நேர்மையான உருவகம் என்பது எமது கருத்து. 'நித்தியம்', 'உறக்கம்', 'குண்டு' என்பவற்றை எந்தப் பரிசோதனையும் பொய்ப்பிக்கவில்லை. பொய்ப்பிக்கத்தக்க எதனையும் அவை சொல்லாமையே காரணம். தாழ்ப்பாளிலும் ஒரு குறை உண்டு. திறக்கும் கை யாருடையது என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வி நொதிய ஆய்வாளரின் கட்டுரையில் இடம்பெற வேண்டும் என நாம் எதிர்பார்க்கவும் இல்லை. அதை எடுத்துச் சென்று எழுதும் மற்றையோரிடமே எதிர்பார்க்கின்றோம்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். உறைநிலத்தைப் பற்றி எழுதிய இருவரை இங்கு ஒப்பிடுதல் பொருத்தமாகும். 1973 இல் வெளிவந்த 'குலாக் தீவுக்கூட்டம்' நூலைச் சொல்சனிற்சின் ஒரு விஞ்ஞானச் செய்தியோடு தொடங்குகின்றார். கொலிமா ஆற்றுப் பகுதியில் அகழ்ந்தோர் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த பல்லாயிரம் ஆண்டுப் பழமையான நீர்வாழ் உயிரிகளைக் கண்டு, உடைத்தெடுத்து அவ்விடத்திலேயே உண்டனர் எனச் சஞ்சிகை ஒன்று சிறு எழுத்தில் வெளியிட்டிருந்த செய்தி அது. சஞ்சிகை வாசகர் இறைச்சியின் புதுமையை வியந்திருப்பார். சொல்சனிற்சினோ உண்டவர் யார் என்று கேட்கின்றார். விஞ்ஞானத்தைப் பொருட்படுத்தாது விழுங்கும் அளவுக்குப் பசித்திருந்தோர் கைதிகளே என அவர் ஊகிக்கின்றார். அவருடைய பிற்கால அரசியலில் எமக்கு எவ்வித உடன்பாடும் இல்லை. ஆனால் ஒரு விஞ்ஞான வாக்கியத்தில் மறைந்து போன எழுவாயைக் கண்டுபிடிக்கும் இந்த வாசிப்பு, நாம் செய்திருக்க வேண்டிய வாசிப்பு.

கொலிமாவில் பல ஆண்டுகள் கைதியாயிருந்த வர்லாம் ஷலாமொவ், 1965 இல் எழுதிய சிறுகதை ஒன்றில் இன்னும் இறுக்கமாக நிற்கின்றார். போர்க்கால ஒப்பந்தத்தின்கீழ் அமெரிக்காவிலிருந்து மண்வாரி இயந்திரம் ஒன்று முகாமுக்கு வருகின்றது. குன்றின் சரிவு பெயர்ந்து, 1938 இல் புதைக்கப்பட்ட கைதிகளின் உடல்கள் வெளிப்படுகின்றன. அவை உக்கவில்லை. தந்தையைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கும் ஒருவன், புதிய இயந்திரத்தைக் கொண்டு அவற்றை மீண்டும் மூடுகின்றான். இக்கதையில் உறைநிலத்தை நினைவின் குறியீடு என்று விளக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கொள்ளத் தயங்குகின்றோம். ஷலாமொவின் மண் முதலில் மண்ணே. அங்கு பிணங்கள் கெடாதிருப்பது கவித்துவ அதிசயத்தாலன்று; அக்குளிரில் நொதியங்களின் வேகம் மிகக் குறைந்துவிடுவதால். அதை அப்படியே எழுதியதிலேதான் அக்கதையின் வலிமை தங்கியுள்ளது. இன்று அம்மண் உருகும்போது நுண்ணங்கிகள் தமது வேலையை விரைவுபடுத்தும். மலைச்சரிவுகளில் இன்னும் புதைந்திருக்கும் சான்றுகளும் அவற்றுக்குச் சேதனப் பொருளே. எமது பிரிவைச் சேர்ந்த விமர்சகர்கள் கொலிமாவைப் பேசுவதற்குக் கால எல்லை எதுவும் இல்லை என்று கருதியிருந்தால், அதுவும் ஒருவகை 'நித்திய உறைவு' நம்பிக்கையே.

இறுதியாகத் தமிழ்ச் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. எம்நாட்டில் விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கப்பட்டபோது நொதியம், நுண்ணங்கி, அனுசேபம் முதலிய சொற்கள் நிலைபெற்றன. அவை இன்றும் நன்கு பயன்படுகின்றன. ஆர்க்டிக் நிலத்துக்கு மட்டும் 'நிரந்தர உறைபனி' என ஆங்கிலத்தை அடியொற்றிய தொடரே வழங்குகின்றது. அது நாம் மேலே காட்டிய தவற்றை அப்படியே இறக்குமதி செய்கின்றது. மேலும் 'பனி' என்பதும் பொருந்தாது, உறைவது மண், பனிக்கட்டி சிறிதும் இல்லாத உறைநிலமும் உண்டு. 'உறைநிலம்' என்பது போதுமானது. தமிழில் உறைதல் என்பதற்குக் கட்டியாதல் என்ற பொருளோடு தங்கி வாழ்தல் என்ற பொருளும் உண்டு. பாலைத் தயிராக்க இடும் மோரையும் எம்மவர் உறைமோர் என்கின்றனர். அதில் உறைவிப்பது பற்றீரியா. எனவே உயிரும் நொதியத் தொழிற்பாடும் இச்சொல்லுக்கு அந்நியமானவை அல்ல. இதனினும் பொருத்தமான சொல்லை மண்ணியல், நுண்ணங்கியல் துறை சார்ந்த வாசகர் எவரேனும் முன்மொழிவாராயின் எமது சொல்லைக் கைவிடத் தயங்கமாட்டோம்.